வணிகன் கொடுக்கும் வாக்கு

பொருளீட்டும் நெறிகளுள் வாணிகம் தொன்மையானது. நேர்மையுடன் நடத்தப்படுங்கால் பெருமையும் உடையது. ஆயினும், அந்நெறியிற் சென்றார் யாவரும் ஊதியத்துடன் மீண்டாரல்லர். முதற்பொருள் போதாமையால் முறிந்தாரும், சோம்பலால் முறிந்தாரும், நாணயந் தவறி முறிந்தாரும் உளர். அவர் நிலைக்குக் காரணங் கூறுதல் எளிது. முதலும் முயற்சியும் நாணயமும் ஒருங்கே பெற்றிருந்தும் முறிந்தார் வேறு சிலர் உளர். அவர்பாற் குறைந்தது யாது? இவ்வினாவே இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டியது.

சில ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் வணிகவியல் பயின்று நல்ல மதிப்பெண்களுடன் தேறிச் சென்ற மாணாக்கர் ஒருவர் ஒருநாள் மாலை எம்மைக் காண வந்தார். அவர் கையிற் கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. தம் அன்னையாரின் நகைகளை அடகு வைத்துப் பெற்ற பணத்தைக்கொண்டு அவர் தம் ஊரில் தோசைமாவுக் கடை ஒன்று திறந்திருந்தார். இரண்டு கிரைண்டர்களும் ஒரு குளிர்ப்பெட்டியும் வாங்கினார், விடியுமுன் எழுந்து தாமே அரிசி களைந்தார், கலப்படஞ் செய்தாரல்லர், எடையிற் குறைத்தாரல்லர். பதினான்கு மாதங்களுக்குப் பின் கடை மூடப்பட்டது. "ஐயா, நான் எங்கே தவறினேன் என்று இந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்லவேண்டும்" என்றார்.

கணக்கிற் பிழை இல்லை. யாம் கற்பித்தவாறே பற்றும் வரவும் செம்மையாக எழுதப்பட்டிருந்தன. ஆதலின், கடையின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தீர் என்று வினவினோம். "தரமான, சுவையான, சுகாதாரமான மாவு வகைகள் மலிவான விலையில் இங்கே கிடைக்கும்" என்று எழுதியிருந்ததாகக் கூறினார். அதே தெருவிலிருந்த மற்ற மூன்று கடைகளின் பலகைகளில் எழுதியிருந்தது யாது என்று கேட்டோம். சிறிது தயங்கி, "ஏறக்குறைய அதுவேதான், ஐயா" என்றார். "அங்ஙனமாயின், அம்மூன்று கடைகளையும் விட்டு உம் கடைக்கு வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்?" என்று வினவ, நெடுநேரஞ் சிந்தித்து, "அவர்கள் வீட்டிற்கு என் கடை பக்கம், ஐயா" என்று விடையிறுத்தார்.

அவ்விடையைக் கேட்டு யாம் நாணினோம். மூன்றாண்டுகள் அவருக்குக் கணக்குப் பதிவியலும் ஒப்பந்தச் சட்டமும் கம்பெனிச் சட்டமும் கற்பித்த யாம், இவ்வொரு வினாவை ஒருநாளேனும் வகுப்பில் எழுப்பினோமில்லை. எழுப்பாது விட்ட பாடத்தை இம்மலரின் வாயிலாகவேனும் கூறுதல் எம் கடனாகும்.

பயன்வாக்கு

வாங்குவோன் ஒருவன் பிற வழிகள் பலவற்றையும் விட்டு ஒரு வணிகனை நாடுதற்குரிய காரணத்தைச் சுருங்கவும் தெளியவும் கூறும் வாக்கியத்தை, இக்காலத்து வணிகவியலார் 'வேல்யூ ப்ராப்பொசிஷன்' என்பர். யாம் அதனை 'பயன்வாக்கு' என்று வழங்குவோம். வாங்குவோன் அடையும் பயனைப் பற்றி வணிகன் கொடுக்கும் வாக்கு என்பது இதன் பொருள். இச்சொல்லை வழக்கிற் கொணர்ந்தவர் மெக்கின்ஸி என்னும் ஆலோசனை நிறுவனத்தைச் சார்ந்த மைக்கேல் லானிங், எட்வர்ட் மைக்கேல்ஸ் என்னும் இருவர்; 1988-ஆம் ஆண்டில் அவர்கள் எழுதிய ஆய்வுரையில் இது விளக்கப்பட்டது. கருத்தோ அதனினும் முந்தியது. 1954-இல் வெளிவந்த தம் நூலில் பீட்டர் டிரக்கர் என்னும் அறிஞர், ஒரு தொழில் இன்னதென்று முடிவு செய்பவன் அதனை நடத்துவோனல்லன், வாங்குவோனே என்று வற்புறுத்தினார்.

இவ்வாக்கிற்கு உறுப்புக்கள் நான்கு. இது யாருக்கு என்பது ஒன்று. அவருக்கு எய்தும் பயன் யாது என்பது இரண்டு. அதற்கு அவர் கொடுக்கும் விலை யாது என்பது மூன்று. அவர் இப்பொழுது கைக்கொண்டிருக்கும் வழியினும் இது எவ்வாற்றான் மேலானது என்பது நான்கு. விலை என்றவிடத்துக் காசை மட்டும் கருதலாகாது. நடக்கும் தொலைவும், காத்திருக்கும் நேரமும், ஏமாறுவோமோ என்னும் அச்சமும், பிறர் முன் அடையும் நாணமும் விலையின் பாற்படுவனவே. காசு குறைந்த கடையை விட்டுக் காசு மிகுந்த கடைக்கு மக்கள் செல்வதைக் காண்கின்றோமன்றோ? அவர்கள் அறிவிலிகளல்லர், மொத்த விலையைக் கூட்டிப் பார்த்தவர்கள்.

விளம்பரச் சொற்றொடர் வேறு, பயன்வாக்கு வேறு என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும். விளம்பரம் காதைக் கவர எழுந்தது. பயன்வாக்கு கடையை நடத்த எழுந்தது. எதை வாங்குவது, எதை விலக்குவது, எப்பொழுது திறப்பது, யாரை வேலைக்கு அமர்த்துவது என்பவற்றையெல்லாம் முடிவு செய்யும் அளவுகோல் அது. உவமையாற் கூறின், வாக்கு உடல். விளம்பரம் அதன்மேல் அணியும் உடை. இனி, நன்கறியப்பட்ட சில வரலாறுகளால் இதனை விளக்குவாம்.

ஒரு பென்னிக் கடை

ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பகுதியினின்று இங்கிலாந்து போந்த ஏழை யூதர் ஒருவர் மைக்கேல் மார்க்ஸ் என்பவர். ஆங்கிலம் அவருக்கு நன்கு பேச வாராது. முதலில் ஊசி, நூல், பொத்தான் முதலியவற்றைச் சுமந்து ஊர்தோறும் விற்றார். 1884-ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரத்துக் கர்க்கேட் சந்தையிற் சிறு கடையொன்று பரப்பினார். பல்வேறு சரக்குகளைக் கலந்து வைக்காமல், ஒரு பென்னி விலையுள்ளவற்றை மட்டும் தனியே பரப்பி, விலை கேட்கவேண்டா, எல்லாம் ஒரு பென்னியே என்னும் கருத்துப்பட ஒரு பலகை எழுதி வைத்தார்.

மொழி அறியாதவர் பேரத்தைத் தவிர்க்கக் கண்ட உபாயம் இது என்று ஒருவர் கூறலாம். அது உண்மையேயாயினும், அப்பலகை வாங்குவோருக்குச் செய்த நன்மையை நோக்குக. ஆலைத் தொழிலாளியின் மனைவி, கையில் சில பென்னிகளுடன் சந்தைக்கு வருகிறாள். விலை கேட்க அவளுக்கு அச்சம். கேட்டபின் வாங்காது திரும்ப நாணம். அப்பலகை அச்சத்தையும் நாணத்தையும் ஒருங்கே நீக்கிற்று. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், வைத்துவிட்டுப் போகலாம், முடிவில் தரவேண்டியது எவ்வளவு என்பதும் முன்னரே தெரியும். இப்பயனை அளித்தற்கு மார்க்ஸ் ஒன்றை இழக்கவேண்டியிருந்தது: ஒரு பென்னிக்கு மேற்பட்ட எதனையும் அவ்விடத்து விற்றலாகாது. அவ்விழப்பை அவர் ஏற்றுக்கொண்டார். 1894-இல் தாமஸ் ஸ்பென்ஸர் என்பவர் அவருடன் பங்காளியாகச் சேர, அச்சிறு கடை வளர்ந்து 'மார்க்ஸ் அண்டு ஸ்பென்ஸர்' என்னும் பெரு வாணிகமாயிற்று.

தூய்மையும் விரைவும்

பயன்வாக்கு எப்பொழுதும் மலிவைப் பற்றியதே என்று எண்ணலாகாது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் டோட் லேன் என்னும் சந்தில், நெசவாளர் முதலிய தொழிலாளர் 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தனர். வைத்திருந்த சரக்குகள் மிகச் சில: கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவர்த்தி. அக்காலத்து மாவிற் சுண்ணத்தூள் முதலியன கலப்பதும் நிறையிற் குறைப்பதும் பெருவழக்காயிருந்தன. கடன்பட்ட தொழிலாளி அதே கடையில் வாங்கியே ஆகவேண்டியிருந்ததால், குறை கூறவும் வாயற்றவனானான். ராச்டேல் முன்னோடிகள் அளித்த வாக்கு, கலப்பற்ற பண்டம், குறைவற்ற நிறை, ஆதாயத்தில் அவரவர் வாங்கிய அளவிற்கேற்ற பங்கு என்பதாம். இதற்கு ஈடாக அவர்கள் கேட்டது உடன் பணம். கடன் கொடுப்பதில்லை என்னும் கட்டுப்பாடு வாங்குவோர் பலரை விலக்கியிருக்கும். எனினும் அக்கட்டுப்பாடின்றி அவ்வாக்கு ஒருநாளும் நின்றிராது. கடன் கொடுத்த கடை தன் நஷ்டத்தை நிறையிலேனும் மாவிலேனும் ஈடுசெய்ய முற்படுவது இயல்பன்றோ? இந்நெறியின் வழித்தோன்றல் சென்னையிலும் உண்டு. 1904-இல் நிறுவப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை நம்மிற் பலர் அறிவோம்.

மலிவுக்கு நேர்மாறான வாக்கும் வெற்றி பெற்றுளது. 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஃபெடரல் எக்ஸ்பிரஸ் என்னும் நிறுவனம் வேலை தொடங்கியது. முதலிரவில் அதன் 14 விமானங்கள் 25 நகரங்களுக்குக் கொண்டு சென்ற பொதிகள் 186 மட்டுமே. தபாற்கட்டணத்தைக் காட்டிலும் அதன் கட்டணம் மிகுதி. ஆனால், இன்று மாலை கொடுத்தது நாளைக் காலை சேரும் என்னும் உறுதியை அது கொடுத்தது. அதற்காகவே பொதிகளையெல்லாம் நள்ளிரவில் ஒரே நகரிற் கூட்டிப் பிரித்து, விடியுமுன் அனுப்பும் முறையை அமைத்தது. இயந்திரம் ஒன்று பழுதுற்று அதன் உறுப்பின்றி ஆலை நின்றிருக்கும்பொழுது, அதன் சொந்தக்காரர் அஞ்சற்கட்டணத்தை எண்ணிப் பாரார், விடியற்காலையையே எண்ணுவார். அவருக்காக எழுந்த வாக்கு அது.

சீயக்காயும் சிறு பொட்டலமும்

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். புட்டியில் விற்ற ஷாம்பு ஒரு காலத்திற் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர், செல்வர் துய்ப்பதைக் கூலியாளும் துய்த்தல் வேண்டும் என்னும் எண்ணமுடையவர். திரவப் பொருள்களைச் சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கும் கருத்தை முன்னின்று வளர்த்தவர். அவர் புதல்வருள் ஒருவரான சி. கே. ரங்கநாதன் 1983-இல் ரூபாய் 15,000 முதலுடன் தனியே தொழில் தொடங்கி, 'சிக்' என்னும் ஷாம்புவைப் பொட்டலத்தில் விற்றார். அத்தொழிலே பிற்காலத்தில் கெவின்கேர் என்னும் நிறுவனமாக விரிந்தது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பொட்டலத்தின் உண்மையான போட்டி புட்டியன்று. சீயக்காய்த் தூளும் சோப்புமேயாம். நாட்கூலி பெறுவோர் வீட்டிற் புட்டி வாங்கும் பேச்சே இல்லை. மாதக் கணக்கிற்கு ஒரே நாளிற் பணம் போட அவர்களுக்கு வழியில்லை. ஒரு தலைமுழுக்கிற்குப் போதுமான அளவை, அன்றைய கூலியிலிருந்தே, தெருமுனைப் பெட்டிக்கடையில் வாங்கலாம் என்பதே அவர்களுக்கேற்ற வாக்கு. பழகாத பொருளை எவ்வாறு நம்புவது என்னும் ஐயம் எஞ்சியிருந்தது. அதனை நீக்கக் கம்பெனியார் ஊர்தோறும் சென்று, பலர் காணச் சிறுவர் தலையிற் குளிப்பாட்டிக் காட்டி, மயிரைத் தொட்டுப் பார்க்கச் செய்தனர். வெற்றுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தோர்க்குப் புதிய பொட்டலம் இனாமாக அளித்தனர். வாக்குடன் சான்றும் சேர்ந்தது. புட்டியில் இருந்ததும் பொட்டலத்தில் வந்ததும் ஷாம்புவேதான். எத்தகைய வீட்டாருக்கு, எத்துணையளவு, எங்கே என்பன மாற, வாணிகமே மாறிற்று.

சொல் பிழைத்த இடம்

நல்ல பொருளும் நல்ல எண்ணமும் இருந்தும் வாக்கு பிழைபட்டதற்கு டாட்டா கம்பெனியாரின் நானோ கார் ஒரு சான்று. ஸ்கூட்டரில் மனைவி மக்களுடன் மழையில் நனைந்து செல்லும் குடும்பத்தைக் கண்டு, இவர்களுக்கு அச்சமற்ற ஊர்தி ஒன்று வேண்டும் என்று எண்ணியவர் காலஞ்சென்ற ரத்தன் டாட்டா. 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் டில்லிக் கண்காட்சியில் அவ்வண்டி காட்டப்பட்டது. 2009-இல் விற்பனைக்கு வந்தது. ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்னும் புகழ் உலகெங்கும் பரவிற்று. எதிர்பார்த்த அளவில் விற்பனையாகாமல், 2018-இல் அதன் உற்பத்தி நின்றது.

தொழிற்சாலையை மேற்கு வங்கத்துச் சிங்கூரினின்று குஜராத்துக்கு மாற்ற நேர்ந்ததும், சில வண்டிகள் தீப்பற்றின என்னும் செய்தியும் இதற்குக் காரணங்களாவன. அவற்றுடன் சேர்த்து எண்ணத்தக்கது, உலகிலேயே மலிவான கார் என்று அது பெற்ற பெயர். அப்பெயரை அவ்வாறு பரவவிட்டது தவறென்று ரத்தன் டாட்டாவே பின்னர் ஒப்பினார். ஸ்கூட்டரை விட்டுக் காருக்கு மாறும் குடும்பத்தலைவன் இருக்கையை மட்டும் மாற்றுவதில்லை. அண்டை அயலார் நடுவே ஒரு படி ஏறுகிறான். மலிவானது என்னும் சொல் அப்படியைத் தட்டிவிட்டது. 'உம் குழந்தைகள் மழையில் நனையா' என்பது அவனை நோக்கிய வாக்கு. 'விலையிற் கடையானது' என்பதோ வண்டியைப் பற்றிய செய்தி. முன்னது கம்பெனித் தலைவரின் உள்ளத்தில் இருந்தது. பின்னதே தெருவில் வழங்கிற்று.

இரவுக்கா, காலைக்கா?

இவ்வரலாறுகளையெல்லாம் அம்மாணாக்கருக்கு அன்று யாம் கூறினோம். கூறியபின், "மாலையில் உம் கடைக்கு வந்தவர்கள் யாவர்?" என்று கேட்டோம். வேலைக்குச் சென்று திரும்பும் பெண்டிரே பெரும்பாலார் என்றார். "வாங்குமுன் அவர்கள் உம்மை ஏதேனும் கேட்டதுண்டோ?" என்றோம். அவர் முகம் சட்டென மாறிற்று. "எல்லாரும் ஒன்றையே கேட்பார்கள், ஐயா. 'தம்பி, இன்றைக்கு ராத்திரி வார்க்கலாமா, நாளைக்குத்தான் ஆகுமா?' என்று கேட்பார்கள். நல்ல மாவுதான் அக்கா என்று சொல்லி எடுத்துக் கொடுப்பேன்" என்றார். பதினான்கு மாதம் நாள்தோறும் வாங்குவோர் தம் வாயாலேயே அவருக்குப் பயன்வாக்கை எழுதிக் கொடுத்திருக்கின்றனர். அவர் அதனைக் கேள்வியென்று எண்ணி விடைகூறி அனுப்பியிருக்கிறார்.

மாவின் இயல்பை அறிந்தார்க்கு அவ்வினாவின் அருமை விளங்கும். அரைத்த மாவு பொங்குதற்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் வேண்டும். கோடையில் அது குறையும், குளிர்காலத்திற் கூடும். அதற்குமேல் வைத்தாற் புளிப்பேறும். ஆறு மணிக்கு வீடு திரும்பி எட்டு மணிக்குக் குழந்தைகளுக்குத் தோசை வார்க்க வேண்டியவளுக்குப் பொங்கிய மாவு வேண்டும். மறுநாட் காலை இட்டிலி அவிப்பவளுக்குப் புதுமாவு வேண்டும். இருவருக்கும் ஒரே பாத்திரத்தினின்று அள்ளிக் கொடுத்தால், ஒருத்தி வீட்டில் தோசை கல்லில் ஒட்டும். மற்றொருத்தி வீட்டில் இட்டிலி புளிக்கும். இருவரும் குறை கூறிக்கொண்டிரார். மறுநாள் அடுத்த கடைக்குச் செல்வர்.

அன்றிரவே இருவருமாக அமர்ந்து ஒரு வாக்கியம் எழுதினோம். பலமுறை அடித்து எழுதியபின் நின்றது இது: "மாலையில் வேலையிலிருந்து திரும்புவோருக்கு, இன்றிரவு வார்க்கத்தக்க மாவும் நாளைக் காலைக்குரிய மாவும் தனித்தனியே, அரைத்த நேரம் எழுதித் தரப்படும்." தரம், சுவை, சுகாதாரம், மலிவு என்னும் நான்கு சொற்களும் இதில் இல்லை. ஆனால் இவ்வாக்கைக் காத்தற்கு விடியற்காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் அரைத்தல் வேண்டும். நேற்று மிஞ்சியதை இன்றையதுடன் கலத்தலாகாது. மின்சாரம் நின்ற நாளில் இல்லையென்று சொல்லத் துணிதல் வேண்டும். கேழ்வரகு மாவு, அடைமாவு முதலியவற்றைக் கைவிடுதல் வேண்டும். இவற்றின் செலவுக்காகப் பொட்டலத்திற்குச் சிறிது விலை கூட்டினும், அப்பெண்டிர் பொறுப்பர் என்றே எமக்குத் தோன்றிற்று.

எழுதும் முறை

வாணிகத்திற் புக எண்ணும் மாணாக்கர் தம் பயன்வாக்கை எழுதுங்கால் கைக்கொள்ளத்தக்க சில முறைகளை இனித் தொகுத்துரைப்பாம்.

முதலாவது, வாங்குவோரிடம் பேசுதல். ஆனால், 'இத்தகைய கடை வைத்தால் வாங்குவீர்களா?' என்று வினவற்க. நம் நாட்டார் முகத்துக்கு நேரே மறுத்துரையார். 'கட்டாயம் வாங்குவோம் தம்பி' என்பர். அவ்வினிய சொல்லை நம்பி நகையை அடகு வைத்தார் பலர். 'நேற்று மாவுக்கு என்ன செய்தீர்கள்? அதில் தொந்தரவு ஏதேனும் நேர்ந்ததா?' என்று நடந்ததையே வினவுக. நடந்ததைக் கூறுங்கால் உண்மை தானே வெளிவரும்.

இரண்டாவது, வாங்குவோருள் ஒருவரை மனக்கண்முன் நிறுத்தி அவருக்கென எழுதுதல். 'அனைவருக்கும்' என்று தொடங்கும் வாக்கு எவர் நெஞ்சிலும் தைப்பதில்லை. ஒருவருக்கென எழுதியது அவர் போன்ற நூறு பேருக்கும் பொருந்தும்.

மூன்றாவது, பொருளின் குணத்தைக் கூறாது, அதனால் விளையும் பயனைக் கூறுதல். நான்காவது, வாங்குவோர் இப்பொழுது என்ன செய்கின்றனர் என்பதை மறவாதிருத்தல். நமக்குப் போட்டி எதிர்க்கடை மட்டுமன்று; வீட்டிலேயே அரைத்துக்கொள்வதும், உப்புமா கிளறி இரவைக் கழிப்பதும் போட்டிகளே.

ஐந்தாவது, எழுதியதைச் சோதித்தல். இதற்கு எளிய சோதனைகள் மூன்று உள. உம் பெயரை நீக்கி எதிர்க்கடைக்காரர் பெயரை இட்டுப் படித்துப் பாரும். அப்பொழுதும் வாக்கியம் உண்மையாயிருப்பின் அதனால் உமக்குப் பயனில்லை. அதன் எதிர்மறையை எவரேனும் சொல்வாரா என்று பாரும். 'தரமற்ற மாவு கிடைக்கும்' என்று எவரும் பலகை எழுதாராதலின், 'தரமான மாவு' என்பதும் ஒன்றும் கூறாத சொல்லே. பின்னர் அவ்வாக்கியத்தை ஒருவருக்கு ஒருமுறை கூறி, மறுநாள் அவரையே அதைத் திருப்பிக் கூறச் செய்யும். அவர் கூறுவது எதுவோ அதுவே உம் வாக்கு. ஜெஃப்ரி மூர் என்பவர் 1991-இல் வெளியிட்ட நூலொன்றில், இன்னாருக்கு, இன்ன குறையுடையாருக்கு, இன்ன பொருள், இன்ன பயன் தரும், இன்னதைப் போலன்றி இன்னவாறு சிறந்தது என நிரப்பிக்கொள்ளத்தக்க ஒரு சட்டகம் காட்டியுள்ளார். தொடக்கத்தில் அதனைக் கைத்தடியாகக் கொள்ளலாம். நடை பழகியபின் தடி வேண்டுவதில்லை.

ஆறாவது, இவை யாவற்றினும் அரியது: காக்கக்கூடியதையே கூறுதல். நல்ல நாளில் காப்பது எளிது. ஆள் வாராத நாளில், மழை கொட்டும் நாளில், விலையேறிய மாதத்திற் காக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்தபின் பலகையில் எழுதுக. பொருளை விற்றபின் அப்பொருள் வாங்கினவனுடையது. கொடுத்த வாக்கோ விற்றவனுடையதாகவே நிற்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழ்ந்த பட்டினப்பாலை, அவருடைய செல்வத்தோடு அமையாது, கொள்ளும்பொழுதும் கொடுக்கும்பொழுதும் அவர் கோடாது நின்ற நடுவுநிலையையும் சிறப்பித்துப் பாடுகின்றது. அவர்கள் பயன்வாக்கு என்னும் பெயரை அறியார். அதனைக் காத்தலை அறிந்திருந்தனர்.

முடிவுரை

அம்மாணாக்கர் இப்பொழுது ஒரு கம்பெனியிற் கணக்கராக இருக்கிறார். சம்பளத்தில் ஒரு பகுதி அடகுக்கடை வட்டிக்குச் செல்கிறது. இரண்டு கிரைண்டர்களில் ஒன்றை விற்றுவிட்டார். மற்றொன்று வீட்டில் இருக்கிறது. விடியலில் அவரும் பிற்பகலில் அன்னையாருமாக அரைத்து, அரைத்த நேரத்தைச் சீட்டில் எழுதி ஒட்டி, மாலையில் ஏறக்குறைய இருபது வீடுகளுக்குக் கொடுத்து வருகின்றனர். அவ்வருவாய் சிறிது, நகைகள் இன்னும் மீளவில்லை. அண்மையில் அவர் எழுதிய கடிதத்தின் இறுதியில், "மாவு மிஞ்சுவதில்லை, ஐயா" என்று ஒரு வரி இருந்தது. யாம் அதனைப் பலமுறை படித்தோம்.

இக்கல்லூரியினின்று ஆண்டுதோறும் வெளிச்செல்லும் இளைஞருள் சிலரேனும் கடையோ தொழிலோ தொடங்குவர். அவர்கள் முதலைத் தேடுமுன், இடத்தைப் பார்க்குமுன், பெயர்ப்பலகைக்குப் பெயின்டரை அழைக்குமுன், ஒரு தாளை எடுத்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்ப்பாராக. எழுத வாராவிடின், இன்னும் சில நாள் வாங்குவோரிடம் பேசுவாராக. அத்தாளுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அன்னையின் நகை அங்ஙனமன்று.